முகிற்பெயரும் அசையும்

பிற்பகல் வேளையில் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை வானம் கறுத்து, இடியோடு பெருமழை கொட்டுவது இப்பள்ளத்தாக்கு மக்களுக்குப் பழகிய காட்சி. அம்மழையைத் தரும் முகிலை வானிலையாளர் கியூமுலோநிம்பஸ் என்பர். மலாய்மொழியும் அப்பெயரையே தன் ஒலிப்புக்கேற்ப வழங்குகிறது. தமிழ் மாணவன் அதனை நெட்டுருச் செய்துவிடுவான். ஆயினும், பிரித்துக் காட்டுவார் இல்லையேல் அஃது அவனுக்கு வெற்றோசையே.

இப்பெயர்முறைக்கு வித்திட்டவர் இலண்டனில் மருந்துத் தொழில் நடத்திய லூக் ஹோவர்டு. 1802 டிசம்பரில் அறிவியல் ஆர்வலர் கழகமொன்றில் அவர் படித்த கட்டுரை முகில்களுக்கு இலத்தீனில் பெயரிட்டது. சிரஸ் மயிர்ச்சுருள், கியூமுலஸ் குவியல், ஸ்ட்ராட்டஸ் விரிந்த படலம், நிம்பஸ் மழைமுகில். அதே ஆண்டில் பிரான்சின் லாமார்க்கும் தம் தாய்மொழியில் முகில்களுக்குப் பெயர் சூட்டினார்; அவை நிலைபெறவில்லை. தாய்மொழிப் பெயர் தோற்றது தமிழாசிரியர்க்குச் சற்றே வருத்தந்தரும் செய்திதான்!

ஹோவர்டு முறையின் வலிமை, உறுப்புகளைக் கூட்டிப் புதுப்பெயர் ஆக்க இடந்தந்தமையாகும். கியூமுலோநிம்பஸ் அவ்வழியில் பின்னர்த் தோன்றி, 1896இல் வெளிவந்த அனைத்துலக முகிற்படத் தொகுதியில் இடம்பெற்றது. இரு சொற்களையும் இணைக்கும் ஓகாரத்தை நோக்குக. புளியங்கிளை என்பதில் ‘அம்’ சாரியை செய்யும் பணியையே அது செய்கிறது. அழுத்தமும் இடம் மாறுகிறது. இலத்தீனில் ஈற்றயலசை நீண்டதாயின் அழுத்தம் அதன்மேல் விழும். குறுகியதாயின் அதற்கு முந்திய அசைக்குச் செல்லும். ஆகவே, கியூமுலஸ் என்பதில் முதலசை ஓங்க, கூட்டுப்பெயரில் ‘நிம்’ ஓங்குகிறது. மழையைக் குறிக்கும் உறுப்பே உரத்து ஒலிக்கிறது எனலாம்.

தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. அசையே ஓசைக்கு அடிப்படை. கீற்றுமுகில், திரள்முகில், படைமுகில், கார்முகில் என்னும் கலைச்சொற்களை அலகிட்டுப் பார்க்கலாம். திரள்முகில் புணர்ச்சியில் திரண்முகிலாகிக் கருவிளமாக நிற்கும், படைமுகிலும் அவ்வாறே. கார்முகில் கூவிளம். கீற்றுமுகிலோ கூவிளங்காயாக நீளும். இடிமழை முகிலைத் திரள்கார்முகில் என்றால் நிரை, நேர், நிரை எனப் புளிமாங்கனி அமைகிறது. திரள்வது, கறுப்பது, முகிலாவது என மூன்று உறுப்பும் பொருள் சொல்கின்றன.

2003 முதல் சில ஆண்டுகள் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, இத்தகைய சொற்களுக்கு வகுப்பறையில் இடம் சுருங்கியது. சாரியையும் அலகிடுதலும் மட்டும் இலக்கணப் பாடவேளையில் தனியே நடந்துகொண்டிருந்தன. சாளரத்திற்கு வெளியே திரள்கார்முகில் வழக்கம்போல் எழுந்துகொண்டிருந்தது.