தோட்டத்துரையின் கைத்துப்பாக்கி: குழல்விட்டம் பற்றியதோர் ஆராய்ச்சி

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் காணி, கூலி, கங்காணி முறை, ஏற்றுமதி என்பனபற்றி விரிவாக எழுதியுள்ளனர். துரைமார் இடைவாரிலும் மேற்சட்டைப் பையிலும் கொண்டு திரிந்த சிறு ஆயுதத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டவர் மிகச் சிலரே. தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி வாங்குவோன் முதலிற் கேட்கும் வினா ஒன்றுண்டு: எந்த அளவுக் குழல் போதும்? கடைக்காரனிடம் கேட்கப்படும் சிறு வினாவாகவே இது தோன்றும். ஆயினும் இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூறப்பட்டுவந்த விடைகளை அடுக்கிப் பார்ப்போமாயின், யார் யாருக்கு அஞ்சினர் என்னும் பெரிய வரலாறு அவற்றினுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

குழல்விட்டம் என்பது துப்பாக்கிக் குழலின் உட்துளையின் குறுக்களவு. .455 என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 455 பங்கு. இதற்கு முற்பட்ட கணக்கு வேறு. ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அந்த எண்ணே துளையின் பெயராக வழங்கிற்று. பன்னிரண்டு உருண்டை வார்த்தால் அது பன்னிரண்டாம் போர். நம் நாட்டில் வேட்டைத் துவக்குக்கு இன்றும் அப்பெயரே வழங்குகின்றது. எண் குறையக் குறையத் துளை பெருகும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

மலைநாட்டில் இப்பொருள் பற்றி முதன்முதல் விரித்தெழுதியவர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர் எனலாம். அவர் விரும்பியது பெருந்துளை. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளியைக் கொண்டு 1840-இல் அவர் செய்வித்த துப்பாக்கி இருபத்தொரு இறாத்தல் நிறையுடையது. மூன்று அவுன்ஸ் உருண்டையை வீசவல்லது. யானையை எதிர்நின்று வீழ்த்துதற்கு அத்தகைய நிறை வேண்டும் என்பது அவர் துணிபு. ஊவாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் எனப்படும் மேஜர் ரோஜர்சின் காலமும் ஏறக்குறைய அதுவே. அவர் 1845-இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டார். பெருந்துளையை இவ்வளவு போற்றிய பேக்கரே, நுவரெலியாச் சமவெளியில் மரைகளை நாய்களைக் கொண்டு மடக்கிக் கத்தியாற் குத்தியே வேட்டையாடினார் என்பது ஒரு சுவையான முரண்.

யானைக்கெனத் தோன்றிய இவ்வெண்ணம் மனிதர்மேல் எவ்வாறு மாறிற்று என்பதே அடுத்துக் காணவேண்டியது. 1851-இல் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சியில் அமெரிக்கராகிய கோல்ட்டும் ஆங்கிலேயராகிய அடம்சும் தத்தம் சுழல்துப்பாக்கிகளை வைத்தனர். கோல்ட்டின் நேவி என்னும் வகை .36 அங்குலம், அடம்சினது ஐம்பத்துநான்காம் போர், அஃதாவது ஏறக்குறைய.44 அங்குலம். 1857-இல் இந்தியாவிற் சிப்பாய்க் கலகம் மூண்டபின் இவ்விரண்டுள் எது சிறந்தது என்னும் வழக்குப் பெரிதாயிற்று. விக்டோரியாச் சிலுவை பெற்ற படைத்தலைவரும், பின்னர்த் தம் பெயரால் ஒரு சுழல்துப்பாக்கியை ஆக்கியவருமான பாஸ்பெரி, நூற்றாண்டின் இறுதியில் நிகழ்த்திய ஓர் உரையிற் கூறிய கதை ஆயுத நூல்களிலெல்லாம் இடம்பெற்றுள்ளது. குறிபார்த்துச் சுடுவதில் வல்லவரான ஓர் அதிகாரி, வாளோடு பாய்ந்து வந்த சிப்பாயின் மார்பிற் கோல்ட் நேவியால் அடுத்தடுத்துச் சுட்டாராம். குண்டுகள் யாவும் பட்டும் அச்சிப்பாய் நிற்காது வந்து அதிகாரியின் தலையைப் பிளந்தானாம். சிறுகுண்டு மனிதனைக் கொல்லும், ஆனால் நிறுத்தாது என்பதே கதையின் கருத்து. நாற்பது ஆண்டு கழித்துச் சொல்லப்பட்ட இக்கதையை எவ்வளவுக்கு நம்பலாம் என்பது ஒருபுறமிருக்க, இதனை விரும்பிக் கேட்டவர் யாவர் என்பதையே வரலாற்று மாணவன் நோக்கவேண்டும்.

இலங்கையிலும் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1848-இல் மாத்தளைப் பகுதியிற் கிளர்ச்சி எழுந்தது. புரன் அப்பு அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டான். கோப்பிக் காலத்திற் கண்டி வீதியில் ஊத்துவான்கந்தையை அரணாகக் கொண்டு வழிப்பறி செய்த சரதியேலின் கூட்டம், 1864 மார்ச் 21-இல் மாவனெல்லையிற் பிடிபட்ட வேளையில் சபான் என்னும் பொலிசுக்காரரைச் சுட்டுக் கொன்றது. கடமையில் உயிர்நீத்த முதற் பொலிசுக்காரர் என அவர் இன்றும் நினைவுகூரப்படுகின்றார். சரதியேல் அவ்வாண்டு மே மாதத்திற் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். இத்தகைய வீதிகளிற் குதிரைமேற் செல்பவனுக்கு நீண்ட துவக்கு பயன்படாது, கையடக்கமானது வேண்டும். பேர்மிங்காமிலுள்ள வெப்லி கம்பனி 1872-இல் வெளியிட்ட புல்டாக் என்னும் சுழல்துப்பாக்கி இத்தேவைக்கென்றே அமைந்தது. குழல் இரண்டரை அங்குலம், துளையோ.442 அல்லது .450. சட்டைப்பையில் அடங்கும் உடலில் யானை வேட்டைக்காரனின் மனம் குடியிருந்தது என்று கூறலாம்.

1888-இல் பாங்க்ஸ், அட்கின் என்னும் தோட்டத்துரைமார் இருவர் ஹற்றனில் ஒரு வங்கியைத் தொடங்கினர். இன்று நாடெங்கும் கிளைபரப்பி நிற்கும் ஹற்றன் நஷனல் வங்கியின் மூலம் அதுவே. சம்பள நாளில் வெள்ளிக்காசும் நோட்டும் நகரத்திலிருந்து மலைப்பாதை வழியே தோட்டத்துக்கு வரவேண்டும். மழையும் மூடுபனியும் நிறைந்த வளைவுகளிற் காசுப்பெட்டியோடு செல்வோன் ஆயுதம் நாடுவது இயல்பே. இது நேர்மையான தற்காப்பு; இதனைக் குறைகூறுவார் இலர்.

ஆனால் குழல்விட்டத்தின் கொள்கை இத்தகைய தேவைகளால் மட்டும் வளரவில்லை. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையிற் கப்டன் பெர்ட்டி கிளே, நுனி விரியும் குண்டை 1890-களில் ஆக்கினார். வடமேற்கு எல்லைப் பழங்குடியினர் சிறுகுண்டு பட்டும் நிற்காது வருகின்றனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். வெப்லி சுழல்துப்பாக்கிக்கும் 1898-இல், மனிதனை நிறுத்துவது என்று பொருள்படும் பெயருடைய, முனையிற் குழிவான ஒரு குண்டு வந்தது. 1899-இல் ஹேக் நகரில் வல்லரசுகள் கூடி விரியும் குண்டுகளைப் போரில் விலக்கின. அவ்வவையிற் பிரித்தானியப் பிரதிநிதி ஆர்டா, நாகரிகமடைந்த போர்வீரன் ஒரு குண்டு பட்டால் ஒதுங்குவான், காட்டுமிராண்டியோ ஒதுங்கான் என்னும் கருத்துப்பட வாதித்தார். அவ்வாதம் எடுபடவில்லை. குழிவான குண்டும் மிக விரைவிற் படைப்பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அந்த எண்ணம் நீங்கிற்றில்லை. பிலிப்பைன்சில் மோரோ மக்களை எதிர்த்த அமெரிக்கர் தம் .38 சுழல்துப்பாக்கி போதாதென முறையிட்டனர். 1904-இல் தொம்சன் என்னும் அதிகாரியும் லகார்ட் என்னும் வைத்தியரும் சிக்காகோ இறைச்சிக் கொட்டில்களில் மாடுகளையும், வேறிடத்திற் பிணங்களையும் சுட்டுப் பார்த்து,.45-க்குக் குறையக்கூடாது என முடிவுகூறினர். சுடப்பட்ட மாடுகள் சிலவே. பயன்களும் ஒன்றோடொன்று ஒவ்வாதன. ஆயினும் 1911-இல் அமெரிக்கப் படை ஏற்ற .45 தானியங்கிக் கைத்துப்பாக்கி, அம்முடிவின் வழிவந்ததேயாம். சிப்பாய், பட்டாணியர், மோரோ எனக் குழல்விட்டக் கொள்கைக்குச் சான்றாக நிறுத்தப்பட்டோர் அனைவரும் ஆளப்பட்டவரே என்பது தற்செயலன்று.

ஆளுவோரே பின்னர் இக்கொள்கையைக் கைவிட்டமை குறிப்பிடத்தக்கது. முதல் உலகப்போரில் .455 வெப்லியைக் கையாண்ட புதுப் படைவீரர், அதன் நிறையாலும் பின்னுதைப்பாலும் குறிதவறினர். எனவே பிரித்தானியப் படை 1932-இல் 200 கிரெயின் குண்டுடைய .38 என்பீல்டை ஏற்றது. அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறை 1986-இல் மயாமியில் இருவரை இழந்தபின் 10 மில்லிமீற்றருக்கும், பின் .40-க்கும் ஏறி, ஏறத்தாழ முப்பது ஆண்டு சென்றபின் 9 மில்லிமீற்றருக்கே மீண்டது. கைத்துப்பாக்கிக் குண்டு மனிதனைத் தள்ளி வீழ்த்துவதில்லை. சுடுவோன் கையில் உணரும் உதைப்பினும் மிகுந்த தள்ளுதலை அது கொடுக்கமுடியாது என்பது நியூற்றனின் விதி. அது துளைத்த இடமும் ஆழமுமே பயனைத் தீர்மானிக்கும் என அத்துறையின் 1989-ஆம் ஆண்டு ஆய்வு உரைத்தது. நம் நாடுகளின் துயர வரலாறே இதற்குச் சான்று. 1948 சனவரி 30-இற் காந்தியடிகளைக் கொன்றது, சிறியதெனக் கருதப்படும் 9 மில்லிமீற்றர்க் குறுங்குண்டு. 1959 செப்ரெம்பர் 25-இற் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டதோ .45 வெப்லியால், அவர் மறுநாளே உயிர்நீத்தார்.

சட்டமும் இவ்வளவுகளிற் கைவைத்தது. படையிடமுள்ள அதே அளவு பொதுமக்களிடம் இருந்தாற் களவாடப்பட்ட அரசாங்கத் தோட்டாக்கள் கலகக்காரருக்குப் பயன்படும் என அஞ்சிய இந்திய அரசு, அவ்வளவுகளை விலக்கிற்று. விலக்கப்பட்ட போர் என்னும் சொல் இன்றைய இந்தியச் சட்டத்திலும் நிலைத்துள்ளது. அங்கே அனுமதி பெற்றவன்.32 சுழல்துப்பாக்கியோடு அமைதல் அதனாலேயே. தற்காப்புக்கு எது உகந்தது என்பதை அங்கே தீர்மானித்தது வைத்திய ஆராய்ச்சியன்று, 1857-இன் நினைவு. இலங்கையில், கலகமும் இராணுவச் சட்டமும் கண்ட 1915-க்கு அடுத்த ஆண்டு, 33-ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச்சட்டம் வந்தது. 1915-இற் கலகத்தை அடக்க இறக்கப்பட்டோருள், 1900-இல் நிறுவப்பட்ட தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினரும் இருந்தனர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து அடிக்கும் கூலிகளை மேற்பார்க்கும் துரையே ஞாயிற்றுக்கிழமை இராணுவ வீரனும் ஆவான். அப்படை 1949-இற் கலைக்கப்பட்டது.

இனி, மலைநாட்டில் அந்த ஆயுதம் எவரை நோக்கியது என்னும் வினாவுக்கு வருவோம். லயத்தில் வாழ்ந்த தமிழரிடம் இருந்தவை கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியுமே. 1921-வரை துண்டு முறையாற் கட்டுண்டிருந்த அவர்கள், 1931-இல் நடேசையர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் அமைத்தபின்னரே ஒன்றுசேர்ந்து பேசத் தொடங்கினர். 1939-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1940-இலும் வேலைநிறுத்தங்கள் பரவின. ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்திற் கூலியுயர்வு கேட்டு நின்றோர்மேல் 1940 சனவரி 10-இற் பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். தொடர்ந்த விசாரணையிற் கோவிந்தனின் விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதித்தார். தற்காப்புக்காகச் சுடவேண்டியிருந்ததா என்பதே அங்கே ஆராயப்பட்டது. குண்டின் அளவைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அது தன் வேலையைச் செய்திருந்தது.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. 1941 மே மாதத்திற் புப்புரெசையில் ஸ்ரெலன்பேர்க் தோட்டத்துரை போப், இரவில் விருந்துக்குச் சென்று காரில் திரும்பும் வழியில் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாயுதன் என்னும் தொழிலாளர் இருவர் 1942-இல் தூக்கிலிடப்பட்டனர். இருட்டில், வளைவொன்றில், பலர் சூழ்ந்து கொள்ளும்போது பையிலுள்ளது .38-ஆ .455-ஆ என்பது எவ்வளவுக்குப் பொருட்படும்? ஆயுத நூலார் இவ்வினாவை எழுப்புவதில்லை. துரைமார் சங்கத்தார் அதனை ஒருவாறு உணர்ந்தனர் போலும். 1940 சூலையில் அவர்கள் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு, தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டிருந்தனர். போப் கொலையுண்டது அதற்குப் பின்னர் என்பதனால் ஒப்பந்தம் பயனற்றது என வாதிப்பாரும் உளர். ஒப்பந்தத்தின் எழுத்து ஒவ்வொரு தோட்டத்தின் பிரட்டுக் களத்தையும் உடனே சென்றடையவில்லை என்பதே என் கருத்து.

1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் தத்தம் ஆயுதங்களோடும் அச்சங்களோடும் கப்பலேறினர். தற்காப்பு என்னும் சொல் இப்போது லயத்துக்கே உரியதாயிற்று. 1977 ஓகஸ்டிலும், 1981-இலும், 1983 சூலையிலும் மலைநாட்டுத் தமிழர் தாக்கப்பட்டபோது, அவர்கள் கையில் எந்தத் துளையளவுத் துப்பாக்கியும் இல்லை. தேயிலைக்குள் ஒளிந்தும், அயலிலுள்ள சிங்களவர் சிலரின் வீடுகளிற் புகுந்தும், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தும் உயிர்காத்தனர். அவற்றுக்குச் சில மாதங்கள் முன், 1977 மே 11-இல், தலவாக்கொல்லையை அடுத்த டெவன் தோட்டத்திற் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தின்மேற் பொலிசார் சுட்டனர். சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் மாண்டார். அவர் பெயரைத் தலவாக்கொல்லைப் பகுதியார் இன்றும் ஆண்டுதோறும் கூறுகின்றனர்.