பெற்றோர் மறைந்த சித்திரப்படம்

எந்தக் கலைவடிவமும் காரணமின்றித் தோன்றுவதில்லை. அதனை வேண்டி நிற்போர் யாவர், அதனால் இலாபமடைவோர் யாவர் என்பவற்றை ஆராயாது அதன் வரலாற்றை எழுதுதல் இயலாது. மனிதர் நடித்த குடும்ப நகைச்சுவைத் தொடர்களிலிருந்து சிறுவருக்கெனக் கிளைத்த சித்திரப்படங்கள் இதற்கோர் எடுத்துக்காட்டாகும்.

1969 முதல் 1974 வரை அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ‘பிராடி பஞ்ச்’ என்னும் தொடர் ஒளிபரப்பாயிற்று. மூன்று ஆண்மக்களையுடைய தந்தையும் மூன்று பெண்மக்களையுடைய தாயும் மறுமணம் புரிய, இரு குடும்பத்தாரும் ஒரு கூரையின்கீழ் வாழப் பழகுவதே அதன் பொருள். 1972இல் பில்மேஷன் நிறுவனம் இதனைச் சனிக்கிழமைக் காலைச் சித்திரப்படமாக்கி, ‘பிராடி கிட்ஸ்’ எனப் பெயரிட்டது. ஆறு பிள்ளைகளும் அதில் இருந்தனர். தாயும் தந்தையும் பணிப்பெண்ணும் இல்லை. மரத்தின்மேற் கட்டிய வீடும், இரண்டு பண்டாக் குட்டிகளும், மந்திரம் செய்யும் மைனாவும் அவ்விடத்தை நிரப்பின.

பெற்றோர் எங்கே போயினர்? ஒளிபரப்பு நேரத்தைக் கவனித்தால் விடை புலப்படும். இரவுத் தொடரைக் குடும்பம் முழுவதும் பார்த்தது. சனிக்கிழமைக் காலையில் முன்னே அமர்ந்தோர் பெரும்பாலும் பிள்ளைகளே. சீனி சேர்த்த தானிய உணவும் இனிப்பும் விளையாட்டுப் பொருளும் விற்ற கொம்பனிகள் அப்பிள்ளைகளின் கவனத்தையே விலைகொடுத்து வாங்கின. மணிக்கு 16 நிமிடம் வரை விளம்பரம் இடம்பெற்ற காலம் அது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் தாய், திரைக்கு முன்னும் இல்லை, திரையிலும் இல்லை.

உற்பத்தி முறையும் இதற்கேற்ப அமைந்தது. ‘ஆர்ச்சி’ படங்களுக்கென முன்னர் வரைந்த அசைவுகளை நிறுவனம் பாட்டுக் காட்சிகளில் மீண்டும் பயன்படுத்திற்று. முதலில் ஆறு சிறுவர் நடிகரும் தத்தம் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தனர். 1973இல் மூவர் விலகினர். அவர்களுள் மூத்த இருவரின் பாத்திரங்களுக்கு நிறுவனத் தலைவர் லூ ஷைமரின் மகனும் மகளும் குரல் கொடுத்தனர், படம் தொடர்ந்தது. வரைந்த முகம் நிறுவனத்தின் உடைமையாகிவிட்டால், அம்முகத்துக்குரிய குழந்தை இன்றியும் வியாபாரம் நடைபெறும். 1973இல் ‘ஜீனி’, 1974இல் பார்ட்ரிட்ஜ் குடும்பம், 1982இல் ‘மோர்க்கும் மிண்டியும்’ எனப் பல தொடர்கள் இவ்வழியிற் சித்திரமாயின.

இதனை அனைவரும் வாளாவிருந்து ஏற்கவில்லை. 1968இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நியூற்றன் நகரில் பெகி சரன் முதலிய தாய்மார் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரத்தையே ஒழிக்குமாறு 1970இல் அரசின் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் கோரினர். 1974இல் ஆணைக்குழு அத்தடையை விதிக்க மறுத்தது. 1990இற் பிறந்த சட்டமே வார இறுதியில் விளம்பரத்தை மணிக்கு 10½ நிமிடத்துக்குள் வரையறுத்தது. அதற்கு 22 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அப்படங்களைக் கண்டு சிரித்த பிள்ளைகளின் மகிழ்ச்சி பொய்யன்று. அம்மகிழ்ச்சியை விலைகூறி விற்றோரின் கணக்கையும் சேர்த்துப் படிப்பதே வரலாற்று மாணவரின் கடன். சித்திரத்தில் மறைந்த தாய்மார், வெளியே மனுவுடன் நின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.