பழைய நெடுஞ்சாலையின் சாப்பாட்டுக் கடைகள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர், இத்தொலைவை எந்த ஊருக்குள்ளும் நுழையாமலே கடந்து விடுகிறோம். அதற்கு முன்னர் முதலாம் எண் கூட்டரசுச் சாலையே வழி. ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவையும் தொட்டுக்கொண்டே அது சென்றது. பேருந்தும் லாரியும் நின்ற இடங்களில் மக்கள் உண்டனர். தஞ்சோங் மாலிம் பாவ், பீடோர் வாத்து மீ என ஊர்ப்பெயரும் உணவுப்பெயரும் ஒட்டிக்கொண்டது அவ்வாறுதான்.

அக்கடைகளைத் தோற்றுவித்தவை ஈயமும் ரப்பரும். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் சீனரை ஈர்த்தன. அவர்களுள் ஹைனான் தீவினர் பிந்தி வந்தவர்கள். ஆதாயமான தொழில்களைப் பிற குழுவினர் முன்னரே பற்றியிருந்தமையால், ஐரோப்பியர் இல்லங்களிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாயினர். பின்னர் அவர்கள் சிற்றூர்களில் கோப்பிக் கடை வைத்தபோது, வாட்டிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் அங்கே வந்து சேர்ந்தன. கம்பாரில் பெரிய ரொட்டிக்குள் கோழிக் கறியை வைத்துச் சுடுகின்றனர். மாவு ஒருவர் கைப்பக்குவம், மசாலை மற்றொருவர் கைப்பக்குவம். அது எவருக்கு உரியது என்று வழக்காடுவது வீண் வேலை.

தமிழர் கடைகளோ தோட்டத்தை நம்பியிருந்தன. சம்பள நாளன்று லயங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள் முதலில் மளிகைக் கடைப் பற்றைத் தீர்த்தனர். மிஞ்சிய காசில் பிள்ளைகளுக்குத் தோசையோ வாழையிலைச் சாப்பாடோ வாங்கித் தந்தனர். தமிழ் முஸ்லிம்கள் அஞ்சடியில் மேசையிட்டு ரொட்டி சானாய் வீசினர். ஆங்கிலத்தில் ஐந்தடி நடை என்னும் பொருளில் வழங்கிய பெயர் நம் மக்கள் வாயில் ‘அஞ்சடி’ ஆயிற்று. மலாய்மொழியில் கடையைக் குறிக்கும் ‘கெடாய்’ என்னும் சொல், நம் ‘கடை’ என்பதன் வழி வந்தது. ஆதலால், நாடெங்கும் உள்ள கடைப்பலகைகளில் ஒரு தமிழ்ச்சொல் தன்னை அறிவிக்காமலே நின்றுகொண்டிருக்கிறது.

இச்சாலையில் உணவு எப்போதும் இன்பப் பொருளாக இருந்ததில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் நாடு முழுதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு சென்று சேராதிருக்க அரசு கடுங்கட்டுப்பாடு விதித்தது. கடைக்காரர் தகரடப்பாவைத் துளையிட்டே விற்க வேண்டியிருந்தது. சேர்த்து வைக்க இயலாதிருக்கவே அந்தத் துளை. சில இடங்களில் அரிசியைத் தனித்தனியே வழங்காமல், பொதுவில் சமைத்துச் சோறாகவே பங்கிட்டனர். கட்டுப்பாட்டுப் பகுதியில் வேலைக்குச் சென்ற பால்மரத் தொழிலாளி கட்டுச்சோற்றுடன் சோதனைச்சாவடியைக் கடக்க இயலவில்லை. அவசரகாலம் 1960 ஜூலையில்தான் முடிவுற்றது. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது, போர் உத்தியைக் காட்டிலும் அந்தச் சோற்றுப் பொட்டலத்திலிருந்து தொடங்குவது மாணவர்க்கு எளிதில் விளங்குவதைக் கண்டிருக்கிறோம்.

1985 அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறின. புதிய நெடுஞ்சாலை எஞ்சியிருந்த வழிப்போக்கரையும் கொண்டு சென்றது. பெயர்பெற்ற சீனர் கடைகளுக்கு விடுமுறை நாள்களில் நகரத்துக் கார்கள் இன்றும் தேடி வருகின்றன. தோட்டத்து மக்களை நம்பியிருந்த நம் கடைகள் பலவற்றுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. சுவையில் குறைவென்று நாம் கருதவில்லை. உண்டவர்களே இடம்பெயர்ந்து விட்டனர்.

பேராக்கின் சிற்றூர் ஒன்றில், மாணவர் சிலருடன் அத்தகைய கடை ஒன்றில் உண்டோம். பழைய பற்றேடுகள் உள்ளனவா என்று முதியவரான கடைக்காரரிடம் வினவினோம்.

“எடைக்குப் போட்டுட்டேன் ஐயா. கடன் வாங்கினவங்களே இல்ல, கணக்கு எதுக்கு?”

ஆயினும், உள்ளே சென்று, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஓர் ஏட்டைக் கொணர்ந்து தந்தார். அதில் ஆட்பெயர்கள் அரிதாகவே இருந்தன. மேல்லயம் நான்கு, கீழ்லயம் ஒன்பது என்று வீட்டெண்களும், அவற்றுக்கு நேரே காசும் எழுதப்பட்டிருந்தன. அன்று பிற்பகல் முழுவதும் மாணவர்கள் அப்பக்கங்களைப் படமெடுத்தனர். நான்காம் எண் வீட்டில் வாழ்ந்தவர் எவரென்று அவர் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.