துரை வேடத்தில் அம்மன்: விக்டோரியப் பேய்க்காதற் புனைவும் திருப்பதிக் கங்கம்மா கதையும்

விக்டோரிய இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட அமானுடக் காதற்புனைவு இன்று உலகெங்கும் விற்கும் இலக்கிய வகைகளுள் ஒன்று. எரிவாயு விளக்கு, மூடுபனி, குதிரை வண்டி, கையுறை அணிந்த ஒரு பிரபு. அவனோ மனிதன் அல்லன். அவனை அஞ்சவேண்டிய பெண் அவனையே விரும்புகிறாள். காசண்ட்ரா கிளேரின் 'கிளாக்வொர்க் ஏஞ்சல்' (2010) 1878-ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்கிறது. இவ்வகையின் ஈர்ப்பை விளக்குவோர் பெரும்பாலும் ஒழுக்கக் கட்டுப்பாட்டையே காரணமாகக் காட்டுவர். தொடுதல் விலக்கப்பட்ட சமூகத்தில் ஒரு விரல் படுவதும் நிகழ்ச்சியாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அது சரியே, ஆனால் பாதி விளக்கம்தான்.

மீதிப் பாதி அந்தப் பிரபுவிடம் இருக்கிறது. 1819-இல் ஜான் பொலிடோரி எழுதிய 'தி வாம்பயர்' கதையின் ரத்வென் பிரபு காதலன் அல்லன். மணந்த பெண்ணின் குருதியைக் குடித்துவிட்டு மறைபவன். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலாவும் நிலவுடைமைக் கோமகனே. தனக்குரிய குடிகளின் உடலைத் தன் சொத்தாகக் கருதும் மேட்டுக்குடி ஆணின்மீது அக்காலத்து வாசகருக்கு இருந்த அச்சமே இவ்வுருவில் பேயாகியது. அந்தப் பேய் காதலனாக மாறியது மிகப் பிந்தியே. 1992-இல் கொப்பொலா எடுத்த திரைப்படத்தில் மீனா, டிராகுலாவின் இறந்த மனைவியின் மறுபிறவி ஆகிறாள். ஸ்டோக்கரின் நாவலில் அப்படி எதுவும் இல்லை. கொடியவனுக்கு ஒரு துயரக்கதை கொடுத்தால் அவன் கொடுமை ஏக்கமாகிவிடுகிறது. இன்றைய வாசகரை இழுப்பது பெரும்பாலும் இந்த மாற்றமே.

இதே கதைப்பொருளைத் திருப்பதி வேறுவிதமாகக் கையாண்டிருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையின் மூலக்கதை, பெண்களைச் சூறையாடிய ஒரு பாளையக்காரனைப் பற்றியது. தெலுங்கில் பாளேகாடு என்பர். ஊரில் மணமாகும் பெண்களையெல்லாம் தனக்கு உரியவர்களாகக் கொண்ட அவன், கங்கம்மாவின்மீதும் கைவைக்கத் துணிகிறான். அவள் தன் பேருருவைக் காட்டவே அஞ்சி ஓடி ஒளிகிறான். தேவி வேடத்திற்கு மேல் வேடம் பூண்டு அவனைத் தேடுகிறாள். பைராகி, தோட்டி எனத் தாழ்ந்தோர் உருவங்களிலும் தெருத்தெருவாக அலைகிறாள். அவன் வெளிவரவில்லை. இறுதியில் தொர வேடம் பூண்டு வருகிறாள். தன்னினும் உயர்ந்த தலைவன் ஊருக்குள் வந்தால் எதிர்கொண்டு வணங்கவேண்டியது பாளையக்காரனின் கடமை. அந்த மரியாதையே அவனை மறைவிடத்திலிருந்து வெளியே இழுக்கிறது. தலை வெட்டப்படுகிறது.

அழைக்கப்படாத வீட்டினுள் டிராகுலா முதன்முறை நுழைய இயலாது. இங்கோ உயர்ந்தோன் வந்தபின் வெளிவராமல் இருக்கப் பாளேகாட்டால் இயலாது. இரண்டு கதைகளிலும் தீயவனைக் கட்டுப்படுத்துவது சமூக ஆசாரந்தான். விக்டோரியப் புனைவு ஆசாரத்தைக் காதலின் தடையாக வைத்துச் சுவை காண்கிறது. கங்கம்மா கதை அதைத் தூண்டில் முள்ளாக்குகிறது.

'தொர' என்னும் சொல் தனியே கவனிக்கத்தக்கது. தமிழில் துரை. தலைவன், ஆண்டான் என்னும் பொருளில் இருமொழியிலும் வழங்கிய இச்சொல், 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளை அதிகாரிக்குரிய வழக்கமான சொல்லாயிற்று. அவன் மனைவி துரைசானி, தெலுங்கில் தொரசானி. ஜாத்திரையின் தொர வெள்ளைக்காரனைக் குறிக்கிறது என்று இதனால் கொள்ளக்கூடாது. வேடம் உள்ளூர்ச் சிற்றரசனுக்குரியதே. ஆயினும் சித்தூர்ப் பாளையக்காரர்களின் அதிகாரத்தைக் கும்பெனியார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஒடுக்கிய பின்னர், பாளேகாடு வெளிவந்து துரைக்குத் தலைவணங்கும் காட்சியைக் கண்டோர் காதில் அச்சொல் பழைய பொருளில் மட்டுமே ஒலித்திருக்க இயலாது. வேடம் பூணும் உரிமையுடைய கைகால குடும்பத்தாரின் பெயரும் எல்லை கடந்ததே: தமிழ்க் கைக்கோளரின் தெலுங்கு வடிவம் அது. 1911 ஏப்ரல் 1 வரை சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. சித்தூரே அதன் தலைநகர்.

அம்மாவட்டத்து ஆரணியின் பெயரைத் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார்தான், ஜி. டபிள்யு. எம். ரெயினால்ட்ஸ் எழுதிய விக்டோரிய மர்மக் கதைகளைத் தமிழில் தழுவிப் புகழ்பெற்றவர். ஓநாயாக உருமாறும் வாக்னரின் கதையை 1846–47-இல் தொடராக வெளியிட்ட ரெயினால்ட்சுக்கு இங்கிலாந்தின் விமர்சகர்களிடம் மதிப்பு இல்லை. இந்திய வாசகரிடம் பெருமதிப்பு இருந்தது. பிரபுக்களின் மாளிகையில் நடக்கும் அக்கிரமத்தை அவர் எழுதியபோது, கார்வேட்டிநகரம், காளஹஸ்தி போன்ற ஜமீன்களின் நிழலில் வாழ்ந்தோர்க்கு அது அயல்நாட்டுச் செய்தியாகப் பட்டிராது. (தழுவல் என்றாலே இளக்காரமாகப் பார்க்கும் இலக்கிய வரலாறு இந்த வாசகரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.)

பெயரிடுதலிலும் ஒரு வரலாறு உண்டு. தமிழ் வேதாளக் கதையைப் பாபிங்டன் 1831-இல் ஆங்கிலப்படுத்தியபோது வேதாளம் வேதாளமாகவே நின்றது. 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் கதைகளை வெளியிட்டபோது அது 'வாம்பயர்' ஆகிவிட்டது. கேள்வி கேட்டு அரசனைச் சோதிக்கும் பிணவாசிக்கும் குருதி குடிப்பவனுக்கும் இடையே வேறுபாடு அழிந்தது. எதிர்த்திசையில் தமிழர் 'வாம்பயரை' இரத்தக்காட்டேரி என்றனர். காட்டேரியோ வட தமிழகத்தில் பல குடும்பங்கள் கருவுற்ற பெண்ணின் நலத்திற்காகப் படையலிடும் தெய்வம்; கடல் கடந்த தமிழரோடு கயானா வரை சென்றவள். திரைப்படச் சுவரொட்டி வழியே மட்டும் அச்சொல்லை அறியும் தலைமுறைக்கு அவள் வெறும் பேய்.

விக்டோரியப் புனைவு எதை விட்டுவிடுகிறது என்பதும் அதன் ஈர்ப்பின் ஒரு பகுதிதான். 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டபோது சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் கிடந்தது; வட ஆர்க்காடு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. அதே 1878-இன் லண்டனில் அழிவற்ற இளைஞர்கள் காதலிக்கிறார்கள். அவர்கள் விருந்துக்கூடத்தின் செலவுக்கணக்கை எந்த நாவலாசிரியரும் வாசகர் கையில் தருவதில்லை. தந்தால் மூடுபனி கலைந்துவிடும். குருதி உறிஞ்சல் என்ற உவமை கையிலிருந்தும் அதைப் பேரரசின்மீது ஏவாமல் படுக்கையறைக்குள் நிறுத்திக்கொண்டது இவ்வகையின் பெரிய இழப்பு.

கங்கம்மா கதையிலும் துயருக்கு இடம் உண்டு. ஆனால் அது கொடியவனுக்கு உரியதாகத் தரப்படவில்லை. அவன் தலை விழுந்தபின் தேவி மாதங்கியாக வேடம் மாற்றிக்கொண்டு, பாளேகாட்டின் மனைவியிடம் சென்று அவளைத் தேற்றுகிறாள். கொன்றவளே ஆறுதல் சொல்ல வருகிறாள்.