துணையாளர்கள்

"எங்கள் காலத்திற்குப் பின் இவனை யார் பார்த்துக்கொள்வார்?" அறிவுசார் குறைபாடுள்ள மகனையோ மகளையோ வளர்த்து ஆளாக்கிய முதிய பெற்றோரின் நெஞ்சை அரிக்கும் கேள்வி இது. குழந்தையாய் இருக்கையில் பரிவு காட்டப் பலர் உண்டு. அப்பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது பெற்றோர் தளர்ந்துவிடுகின்றனர். வீட்டுக்கு வந்து போவோரும் குறைந்துவிடுகின்றனர். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், பதினெட்டு வயதைக் கடந்த இத்தகையோர்க்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்தது. பாதுகாவலரைச் சட்டம் தரலாம். தோழரை யார் தருவது?

இதற்கு விடை தேடிய முயற்சி ஒன்று வரலாற்றில் உண்டு. 1964-இல் வட பிரான்சின் துரோலி-புரெய் என்னும் சிற்றூரில், கனடா நாட்டவரான ழான் வனியே, காப்பகத்தில் வாழ்ந்த ரஃபாயேல், பிலிப் என்னும் இருவரை அழைத்துவந்து ஒரே வீட்டில் அவர்களுடன் குடியேறினார். நோவாவின் பேழையை நினைவூட்டும் வகையில் அவ்வீடு 'லார்ஷ்' எனப் பெயர் பெற்றது. அங்கே தொண்டுசெய்ய வந்த இளையோர் உடன் சமைத்தனர், உடன் உண்டனர், உடன் சிரித்தனர். 1970-இல் பெங்களூருவில் 'ஆஷா நிகேதன்' என்னும் நம்பிக்கை இல்லம் தோன்றியது. பின்னர் சென்னை, கொல்கத்தா, கேரளத்தின் நந்தி பஜார் ஆகிய இடங்களிலும் இல்லங்கள் எழுந்தன. பல சமயத்தாரும் அங்கே ஒரே பந்தியில் அமர்ந்தனர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த அருட்பணியாளர் ஹென்றி நௌவன், 1986-இல் கனடாவின் லார்ஷ் குழுமம் ஒன்றில் சேர்ந்தார். பேச இயலாத ஆடம் என்னும் இளைஞரைக் காலைதோறும் குளிப்பாட்டி, உடை உடுத்தி, உணவருந்தச் செய்வது அவர் பணி. அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். பெரும் நூல்களை எழுதிய அவர், ஆடமையே தம் ஆசான் எனக் கொண்டார். இருவரும் 1996-இல் மறைந்தனர்.

இவ்வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. வனியே 2019-இல் இறந்தார். ஆன்ம வழிகாட்டுதல் என்னும் போர்வையில் அவர் பெண்களைப் பாலியல் முறையில் தகாதவாறு நடத்தியதை லார்ஷ் அமைப்பே 2020-இல் உலகறிய வெளியிட்டது. குறைந்தது 25 பெண்கள் பாதிக்கப்பட்டதை 2023-ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை காட்டியது. அவர்களுள் குறைபாடுடையோர் இருந்ததாக அறியப்படவில்லை. ஆயினும் அப்பெண்களின் காயத்தை நாம் சிறிதாக்கலாகாது. இவ்வீடுகளைத் தாங்கி நின்றவர்கள் பெயர் தெரியாத உடனுறைவோரே என்பதையும், கண்காணிப்பில்லாத அன்புப்பணி யாருக்கும் பாதுகாப்பன்று என்பதையும் இதிலிருந்து கற்றுக்கொள்வோம்.

நம் ஒட்டன்சத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு ஓர் இரவு இடம் தருவது சத்திரம். தோழமையோ மறுநாளும் திரும்பி வருவது. யோவான் நற்செய்தி தூய ஆவியாரைத் 'துணையாளர்' என்கிறது. என்றும் உடன் இருப்பவர் என்பதே அதன் பொருள். நம் பங்குகளிலும் இத்தகைய துணையாளர்கள் எழ வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, பெற்றோர் அறிய, பங்கின் பொறுப்பில், அவருடன் சந்தைக்கு நடந்துபோய்க் காய் வாங்கி வரலாம். தேர்த்திருவிழாவில் அவர் அருகே நிற்கலாம். பெற்றோர் இருக்கும்போதே தொடங்கும் நட்புதான் அவர்களுக்குப் பின்னும் நிலைக்கும்.