290 மார்க்: ஒரு இங்கிலீஷ் டெஸ்ட்டுக்குப் பின்னால இருக்கிற வரலாறு

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஒரு ராத்திரி, கருங்கல்ல இருந்து என் சித்தி மகள் கூப்பிட்டா. என்னைவிட மூத்தவ, அக்கான்னுதான் கூப்பிடுவேன். எட்டு வருஷமா நர்ஸா வேலை பார்க்கிறா. பிரிட்டன் போறதுக்காக ஓஇடி எழுதியிருந்தா. ஓஇடின்னா டாக்டர், நர்ஸ் மாதிரி மருத்துவத் துறையில் இருக்கிறவங்களுக்கான ஆங்கிலப் பரீட்சை. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூணும் பாஸ். எழுதுறதுல 290. வேண்டியது 300. அதுவும் ரெண்டாவது தடவை.

"பத்து மார்க்குடே. அப்போ எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா அர்த்தம்?" அப்படின்னு கேட்டா.

அந்தப் பரீட்சைக்குக் கட்டின பணம் அவளோட ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். நான் ஏதோ ஆறுதல் சொல்லி போனை வெச்சேன். ஆனா அந்தக் கேள்வி மட்டும் போகவே இல்ல. ஒருத்தருக்கு ஒரு மொழி தெரியும், தெரியாதுன்னு சொல்ற உரிமை யாருக்கு, எப்போ வந்தது? தேட ஆரம்பிச்சேன். கிடைச்ச கதை கருங்கல்ல இருந்து ரொம்ப தூரம் போயிட்டு, கடைசியில அக்காவோட மேஜைக்கே திரும்பி வந்துச்சு.

ஒரு எழுத்து, ஒரு உயிர்

எங்க ஊர்ப் பக்கம் சண்டே ஸ்கூல் போனவங்களுக்கு இந்தக் கதை ஞாபகம் இருக்கலாம். பைபிள்ல நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரம். யோர்தான் ஆத்தோட துறையில காவல் நிக்கிறவங்க, கடக்க வர்ற ஒவ்வொருத்தரையும் 'ஷிபோலேத்'னு சொல்லச் சொல்றாங்க. எதிரிக் கூட்டத்துக்காரங்களுக்கு அந்த 'ஷி' வராது, 'சி'ன்னு வரும். சொன்ன உடனே வெட்டு. இன்னைக்கும் மொழித் தேர்வு ஆராய்ச்சியாளர்கள் உதாரணம் சொல்லும்போது இந்தக் கதையைத்தான் எடுப்பாங்க.

இங்க கவனிங்க. அந்தக் கேள்வி மொழி தெரியுமான்னு பார்க்கல. நீ எந்தக் கூட்டம்னு பார்த்துச்சு. மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இருந்து சென்னைக்கு வந்தவங்களுக்கு இதோட சாதுவான வடிவம் தெரியும். வாயைத் திறந்த ரெண்டாவது நிமிஷம் "நீங்க மலையாளியா?"ன்னு கேட்பாங்க. நம்மகிட்ட அதைத் தாண்டி ஒண்ணும் நடக்காது. ஆனா அந்தக் காவலை ஒரு அரசாங்கம் சட்டமா எழுதினா என்ன ஆகும்?

நேட்டால், 1897

இப்போ தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நேட்டால், அன்னைக்கு பிரிட்டிஷ் காலனி. 1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து கிளம்பின 'ட்ரூரோ'ங்கிற கப்பல் டர்பன்ல போய் நின்னுச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அதுல போனவங்கள்ல நிறைய பேர் தமிழ், தெலுங்கு பேசினவங்க. அவங்ககிட்ட யாரும் எந்த மொழிப் பரீட்சையும் கேட்கல.

அப்புறம் சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து, வியாபாரம் பண்ண இந்தியர்கள் வர ஆரம்பிச்சாங்க. அங்க இருந்த வெள்ளைக்காரர்களுக்கு எரிச்சல் ஏறுச்சு. 1897 ஜனவரியில் காந்தி டர்பன்ல இறங்கினப்போ ஒரு கும்பல் அவரை அடிச்சது இந்தச் சூட்டுலதான். அதே வருஷம் நேட்டால் ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்துச்சு. உள்ள வர்றவர் ஒரு விண்ணப்பத்தை ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழி எழுத்துல, சொந்தக் கையால எழுதணும்.

சட்டத்துல 'இந்தியர்'ங்கிற வார்த்தையே கிடையாது. அதுதான் அதோட தந்திரம். தமிழ்லயோ குஜராத்தியிலயோ வருஷக்கணக்கா பேரேடு எழுதின ஒரு வியாபாரி, டர்பன் துறைமுகத்துல எழுத்தறிவு இல்லாதவர் ஆகிடுவார். ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் இந்தச் சட்டத்துல விலக்கு. கரும்பு வெட்ட வந்தா பரீட்சை இல்ல, சுதந்திர மனுஷனா வந்தா பரீட்சை.

லண்டன்ல இருந்த காலனி மந்திரி சேம்பர்லெயினுக்கு இது பிடிச்சுப் போச்சு. நிறத்தைச் சொல்லித் தடுத்தா சாம்ராஜ்யத்துக்கு அவமானம், இந்த வழி நாகரிகமா இருக்குன்னு மத்த காலனிகளுக்கும் பரிந்துரைச்சார்.

50 வார்த்தை

ஆஸ்திரேலியா அதை அப்படியே எடுத்துக்கிச்சு. 1901 குடியேற்றச் சட்டப்படி, அதிகாரி ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை வாசிப்பார், வந்தவர் கேட்டு எழுதணும். எந்த மொழின்னு முடிவு பண்றது அதிகாரி. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? சரி, பிரெஞ்சு. பிரெஞ்சும் தெரியுமா? சரி, ஜெர்மன்.

1902, 1903 ரெண்டு வருஷத்துல இந்தப் பரீட்சையை 805 தடவை வெச்சாங்க, 46 பேர் தேறினாங்க. 1904 முதல் 1909 வரை 554 தடவை, தேறினது 6 பேர். 1909க்கு அப்புறம் ஒருத்தர்கூட தேறல. நாங்க கோட் எழுதுறப்போ ஒரு டெஸ்ட் எப்பவுமே ஃபெயில் ஆனா, முதல்ல டெஸ்ட்டைத்தான் சந்தேகப்படுவோம். இங்க டெஸ்ட் சரியாத்தான் வேலை செஞ்சது. ஃபெயில் ஆக்குறதுதான் அதோட வேலை.

1934ல எகோன் கிஷ்னு ஒரு செக் நாட்டுப் பத்திரிகையாளர் வந்தார். ஹிட்லரை எதிர்த்துப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. பல மொழி தெரிஞ்ச ஆள். அதனால அவருக்கு ஸ்காட்லாந்தோட கேலிக் மொழியில் பரீட்சை வெச்சாங்க. ஃபெயில். வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், அந்தச் சட்டம் சொல்ற அர்த்தத்துல அது ஐரோப்பிய மொழியே இல்லன்னு தீர்ப்பு வந்துச்சு. ஊரே சிரிச்சுது. ஆனாலும் அந்தப் பரீட்சை 1958 வரைக்கும் சட்டப் புத்தகத்துல இருந்துச்சு.

மூணு பேர், மூணு பேரும் ஃபெயில்

இது கதவை மூடுற பரம்பரை. இன்னொரு பரம்பரை, நிஜமாவே மொழியை அளக்கணும்னு ஆரம்பிச்சது. 1913ல கேம்பிரிட்ஜ் ஒரு ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை தொடங்குச்சு. கிட்டத்தட்ட 12 மணி நேரம். மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், அப்புறம் எலிசபெத் காலத்துக் கடல் பயணங்கள் மாதிரி தலைப்புல கட்டுரை. எழுத வந்தது 3 பேர். மூணு பேரும் ஃபெயில். ஆனா அவங்களை யாரும் கப்பல்ல ஏத்தித் திருப்பி அனுப்பல. பரீட்சையைத்தான் வருஷக்கணக்கா மாத்திக்கிட்டே வந்தாங்க.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக 1964ல டோஃபல் வந்துச்சு. 1980ல பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து வேற ஒரு கேள்வி கேட்டாங்க. இங்கிலீஷ் எவ்வளவு தெரியும்னு கேட்கிறதைவிட, இந்த ஆளுக்கு இங்கிலீஷ் எதுக்கு வேணும்னு கேட்டா என்ன? அதனால மருத்துவம், தொழில்நுட்பம்னு துறைவாரியா தனித்தனித் தாள் வெச்சாங்க. நல்ல யோசனை, ஆனா நடத்துறது சிக்கல். 1989ல ஆஸ்திரேலியாவும் சேர்ந்து அது ஐஇஎல்டிஎஸ் ஆச்சு. 1995ல துறைவாரித் தாள்களை எடுத்துட்டாங்க. அதனாலதான் மேல்படிப்புக்குப் போற எஞ்சினியரும் வேலைக்குப் போற நர்ஸும் ஒரே மாதிரி கட்டுரை எழுதிட்டு இருக்காங்க.

அந்த விட்டுப்போன யோசனையைக் கையில எடுத்தது எந்த நாடு தெரியுமா? 50 வார்த்தை வாசிச்ச அதே ஆஸ்திரேலியா. 1980களோட பிற்பகுதியில், வெளிநாட்டில் படிச்ச மருத்துவத் துறையினருக்காக அரசாங்கம் ஒரு பரீட்சை கேட்டுச்சு. அதை உருவாக்கினவர் டிம் மெக்னமாரா. அந்தப் பரீட்சைதான் ஓஇடி. ஒரு நர்ஸ் நிஜமா வேலையில் என்ன எழுதுவாங்க, என்ன பேசுவாங்கன்னு பார்த்து அதையே கேள்வி ஆக்கினாங்க. பின்னாடி மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருத்துவத் துறையில் அனுபவம் உள்ளவங்ககிட்ட போய், ஒருத்தர் நோயாளிகிட்ட பேசுறதுல நீங்க எதைக் கவனிப்பீங்கன்னு கேட்டாங்க. அவங்க இலக்கணத்தைவிட அதிகமா, நோயாளி பயத்தைக் கவனிச்சாங்களா, சொன்னது புரிஞ்சுதான்னு சரிபார்த்தாங்களா மாதிரி விஷயங்களைச் சொன்னாங்க. 2018ல இருந்து பேசுற தாள்ல அதுக்கும் மார்க் இருக்கு.

பிரிட்டன்ல நர்ஸ்களைப் பதிவு செய்ற என்எம்சி கவுன்சில் 2017 நவம்பர்ல ஓஇடியை ஏத்துக்கிச்சு. 2018 டிசம்பர்ல ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தாளுக்கு 7ல இருந்து 6.5க்கு இறங்குச்சு. 2020ல ஓஇடி எழுத்துத் தாளுக்கும் 350ல இருந்து 300. நர்ஸ் பத்தாக்குறை இருந்துச்சு, இந்த மார்க் நியாயமான்னு கேள்வியும் வந்துச்சு. அக்காவைத் தடுத்த அந்தக் கோடு மலைமேல வெட்டின கல்வெட்டு இல்ல. மனுஷங்க போட்டது, மனுஷங்க நகர்த்தினது.

இலங்கை சொன்ன பாடம்

சரி, நல்ல பரீட்சை வந்தாச்சு. அப்போ படிப்பும் நல்லா மாறிடுமா? இதுக்கான பதில் நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

1980கள்ல இலங்கையில சாதாரண தரப் பாடத்துக்கு, அதாவது அவங்க ஊர் பத்தாம் வகுப்பு மாதிரி, புது இங்கிலீஷ் புத்தகம் வந்துச்சு. மனப்பாடம் வேணாம், மொழியைப் பயன்படுத்தணும்னு நோக்கம். 1988ல அதுக்கு ஏத்த மாதிரி பரீட்சையையும் மாத்தினாங்க. பரீட்சை மாறினா கற்பித்தலும் மாறும்னு எல்லாரும் நம்பினாங்க. டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் ரெண்டு பேர் தலைமையில் ஒரு குழு, நாட்டோட பல பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் வகுப்புல உட்கார்ந்து பார்த்தாங்க. 1993ல முடிவு வந்துச்சு. ஆசிரியர்கள் எதை நடத்துறாங்கங்கிறது மாறியிருக்கு. எப்படி நடத்துறாங்கங்கிறது மாறவே இல்ல. கேள்வித்தாள்ல வராத பகுதியைத் தள்ளிட்டு, வர்ற பகுதியைப் பழைய முறையிலேயே நடத்திட்டு இருந்தாங்க.

அவங்களைக் குறை சொல்ல முடியாது. புது முறையில எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு அவங்களுக்குப் போதுமான பயிற்சி கிடைக்கல. கேள்வித்தாள் எதைப் படிக்கணும்னு சொல்லும். எப்படிக் கத்துக்கணும்னு சொல்லாது.

இதைப் படிச்சப்போதான் எனக்கு அக்காவோட நோட்டு ஞாபகம் வந்துச்சு.

அக்காவோட மேஜை

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நோட்டைக் காட்டச் சொன்னேன். ஓஇடி எழுத்துத் தாள்ல, ஒரு நோயாளியைப் பத்தின குறிப்புகள் கொடுப்பாங்க. அதை வாசிச்சு, அடுத்துப் பார்க்கப் போறவருக்கு 180-200 வார்த்தையில ஒரு கடிதம் எழுதணும். 5 நிமிஷம் வாசிக்க, 40 நிமிஷம் எழுத. அக்கா போன கோச்சிங் சென்டர்ல ஒரு டெம்ப்ளேட் கொடுத்திருந்தாங்க. முதல் வரி இது, ரெண்டாவது பத்தி இப்படி, முடிக்கிறப்போ இந்த வாக்கியம். அக்கா அதுக்குள்ள குறிப்புல இருந்த எல்லாத்தையும் திணிச்சு வெச்சிருந்தா. இருபது வருஷத்துக்கு முன்னாடி நடந்த குடல்வால் ஆபரேஷன் முதல் பத்தியில இருக்கு. நோயாளிக்கு இன்சுலின் அளவு மாறினது கடைசியில ஒளிஞ்சிருக்கு. இலக்கணப் பிழை ஒண்ணு ரெண்டுதான்.

நான் கேட்டேன். "அக்கா, ஷிஃப்ட் முடிஞ்சு அடுத்த சிஸ்டர்கிட்ட ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது இந்த ஆளைப் பத்தி என்ன சொல்லுவ?"

ஒரு நொடிகூட யோசிக்கல. "சுகர் ஆளு, இன்சுலின் கூட்டியிருக்கு, ராத்திரி லோ ஆகலாம், பாத்துக்கிடு. கால்ல புண்ணு இருக்கு, டிரெஸ்ஸிங் காலையில."

"அந்தக் குடல்வால் ஆபரேஷன்?"

"அது என்னத்துக்குடே இப்போ?"

அவ்ளோதான். வாசிக்கப் போறவருக்கு எது அவசரம், எதை விடலாம்னு அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமா தினமும் அதைத்தான் செய்றா. அந்தத் தாள்ல மார்க் போடுறதும் இதுக்குத்தான். கடிதத்தோட நோக்கம் உடனே தெரியுதா, தேவையானது இருக்கா, தேவையில்லாதது போயிருக்கா, வாசிக்கிறவருக்கு ஏத்த தொனியா. மொழி சுத்தமா இருக்காங்கிறது அதுல ஒரு பங்கு மட்டும். பரீட்சை அவளோட தொழிலைக் கேட்டுச்சு. தயாரிப்பு முழுக்க, 50 வார்த்தைப் பரீட்சைக்கு பயந்து மனப்பாடம் பண்ற மாதிரி இருந்துச்சு.

அடுத்த ரெண்டு மாசம் டெம்ப்ளேட்டை ஓரமா வெச்சா. முதல்ல ஹேண்ட் ஓவரைத் தமிழ்ல வாயால சொல்லுவா. அதுல வந்த விஷயங்களை மட்டும் இங்கிலீஷ்ல எழுதுவா. எழுதினதை, அவகூட வேலை பார்க்கிற ஒரு சிஸ்டர்கிட்ட கொடுத்து, "இதை வெச்சு நீ என்ன செய்வ?"ன்னு கேட்பா. பதில் தப்பா வந்தா, கடிதத்தை மாத்துவா. அவ எழுதின வாக்கியங்கள்ல நான் திருத்தினது ரொம்பக் கொஞ்சம். காலங்கள் கலந்து வர்றது, ஒரே வாக்கியத்துல நாலு விஷயம், அவ்ளோதான்.

மூணாவது தடவை 340 வந்துச்சு.

இதைச் சொல்றதால எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு அர்த்தம் இல்ல. அடிப்படை இங்கிலீஷே இன்னும் வராதவங்களுக்கு நிறைய வாசிப்பும் கேட்பும் பேச்சும் தேவை, அதுக்குக் குறுக்குவழி கிடையாது. இந்தப் பரீட்சைகள் முழுக்க நியாயமானதும் இல்ல. எட்டு வருஷ அனுபவம் உள்ள ஒருத்தர், மாசச் சம்பளத்தைக் கட்டி மூணு தடவை நிரூபிக்க வேண்டியிருக்கு. யோர்தான் துறையில நின்ன அந்தக் காவல்காரன் முழுசா வீட்டுக்குப் போகல.

ஆனா ஒண்ணு பிரிச்சுப் பார்க்கலாம். உங்க முன்னாடி இருக்கிற பரீட்சை, 'நீ எந்தக் கூட்டம்'னு கேட்குதா, 'உன்னால என்ன செய்ய முடியும்'னு கேட்குதா? ரெண்டாவது கேள்வின்னா, பதில்ல பாதி உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. உங்க தம்பி தங்கச்சிக்கோ மாணவர்களுக்கோ சொல்லிக்கொடுக்கிறவங்க, அந்தப் பாதியில இருந்து ஆரம்பிங்க.

அக்கா கிளம்பிட்டா. கருங்கல் ஜங்ஷன்ல கோச்சிங் சென்டர் வெச்ச ஃபிளெக்ஸ்ல அவ போட்டோ இருக்கு, கீழ 340னு பெருசா. 290 எழுதினப்போவும் அதே ஆளுதான், அதே இங்கிலீஷ்தான். அதை அடிக்க ஃபிளெக்ஸ்ல இடம் இல்ல போல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.