மதுக்கூட உரிமம் (கேரளம்)

மதுக்கூட உரிமம் என்பது, கேரள ராஜ்யத்தில் நட்சத்திர அந்தஸ்து பெற்ற விடுதிகள் தம் போஜனசாலையிலும் மதுக்கூடத்திலும் அமர்ந்து அருந்துவோருக்கு மது விற்பதற்கு, அப்காரிச் சட்டத்தையும் 1953ஆம் ஆண்டின் அந்நிய மது விதிகளையும் ஆதாரமாகக் கொண்டு கலால் இலாகா வழங்குவதும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதுமான அனுமதியாகும். ‘எப்.எல்.3’ எனப்படும் இதில், ‘அந்நிய மது’ என்ற பெயரிருப்பினும், உள்நாட்டில் வடித்த பிராந்தி, விஸ்கி முதலியனவும் அடங்கும். பீர், ஒயின் மட்டும் விற்பதற்கு ‘எப்.எல்.11’ தனியே உண்டு. கோவில், பள்ளி ஆகியவற்றிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால் விடுதி இருத்தல் வேண்டும்.

சுற்றுலா வருமானத்துக்கும், அரசியல் சாசனத்தின் 47ஆம் ஷரத்து வற்புறுத்தும் மதுவிலக்கு லட்சியத்துக்கும் இடையே இவ்விதிகள் அலைந்து வந்தமைக்கு 2014ஆம் ஆண்டே தக்க சான்று: தரக்குறைவு காரணமாக 418 மதுக்கூடங்களின் உரிமம் புதுப்பிக்கப்படாமற் போக, பின்னர் ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கு மட்டுமே அது உரியதாயிற்று. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் இக்கட்டுப்பாட்டை அங்கீகரித்தபோதிலும், ஆட்சி மாறியபின், 2017இல் மூன்று நட்சத்திர விடுதிகளும் மீண்டும் தகுதி பெற்றன.